மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு ஏன்?

“சார், எனக்கு ஆடு வேண்டாம். புலி தந்தா ஆடுறேன்.”

மதிய உணவு முடிந்து மணி அடிப்பதற்கு முன் பள்ளித் திண்ணையில் கேட்ட பேச்சு இது. தூத்துக்குடிக் கடலோரப் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்பு. தரையில் சாக்பீஸால் வரைந்த ஆடுபுலி ஆட்டக் கட்டம். மூன்று பெரிய சிப்பிகள் புலிகள். கரையில் பொறுக்கிய பதினைந்து சோழிகள் ஆடுகள். அந்த வாரம் முழுவதும் ஆடு வைத்து ஆடித் தோற்றிருந்தாள் அந்த மாணவி. எதிரே இருந்தவனோ தாத்தாவிடம் ஆடிப் பழகியவன்.

நான் சொன்ன முதல் சமாதானம் இது: “உன் பக்கம் பதினைந்து பேர், அவன் பக்கம் மூன்றே பேர். உனக்குத்தானே பலம்?” அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே அது எடுபடவில்லை என்று புரிந்தது. எழுந்து போய்விட்டாள். விளையாட்டிலிருந்து எழுந்து போகும் பிள்ளையைப் பற்றி நாம் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் கணக்குப் பாடத்திலும் அவள் இதேபோல, கேள்வியைப் படிக்கும் முன்பே பென்சிலைக் கீழே வைத்துவிடுபவள். அதனால் அன்று மாலை கட்டத்தைத் தாளில் வரைந்து எண்ணத் தொடங்கினேன்.

கட்டத்தை எண்ணுவோம்

நம் பகுதியில் வழங்கும் கட்டத்தில் ஓர் உச்சிப் புள்ளி உண்டு. அதிலிருந்து நான்கு சாய்கோடுகள் கீழிறங்கி அடிக்கோட்டில் முடியும். அவற்றை மூன்று கிடைக்கோடுகள் வெட்டிச் செல்லும். அந்தக் கிடைக்கோடுகள் இருபுறமும் சற்று வெளியே நீண்டிருக்கும். அவற்றின் முனைகளை இடத்திலும் வலத்திலும் ஒவ்வொரு செங்குத்துக் கோடு இணைக்கும். உச்சியில் 1, மூன்று கிடைக்கோடுகளில் ஆறு ஆறாக 18, அடிக்கோட்டில் 4, ஆக 23 சந்திகள்.

ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி அதற்குள்ளேயே நகரலாம். பக்கத்துச் சந்தியில் இருக்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அடுத்த சந்தி காலியாக இருந்தால் வெட்டலாம். புலிகள் எதுவும் நகர முடியாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பிள்ளைகள் ஆறு என்று வைத்திருந்தார்கள்.

ஓர் ஆடும் சாகாமல் அனைத்தும் இறங்கிவிட்டால் மீதமிருக்கும் காலி இடங்கள் 23 − 3 − 15 = 5 மட்டுமே.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரு புலியை அடைக்க எத்தனை ஆடு வேண்டும்? அது புலி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. புலி உச்சியில் நின்றால் அதன் கீழே நான்கு சந்திகள். அவற்றில் நான்கு ஆடு வைத்தால் போதாது. பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டிவிடும். ஆகவே அதன் பின்வரிசையிலும் நான்கு வேண்டும், மொத்தம் எட்டு. இரண்டாம் கிடைக்கோட்டின் நடுவிலுள்ள இரு சந்திகளுக்கும் அதே எட்டுதான். ஆனால் புலி மூலைக்குப் போய்விட்டால் பக்கத்தில் இரண்டு, அவற்றின் பின்னால் இரண்டு, நான்கே ஆடு போதும்.

மூன்று புலிகளும் நல்ல இடத்தில் ஒன்றையொன்று விட்டு நின்றால் ஆட்டுக்காரருக்கு நிறைய ஆடு வேண்டும். மூன்றும் தனித்தனி மூலையில் இருந்தால் 12 போதும்.  புலிகள் அருகருகே வந்து சேர்ந்தால் தேவை இன்னும் குறையும்: இடப்பக்கச் செங்குத்துக் கோட்டின் இரு முனைகளிலும் இரண்டு புலிகள் நின்றால் எட்டுக்குப் பதில் ஐந்து ஆடு போதும். வரைந்து பாருங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உச்சியிலும் ஆறு மூலைகளிலும் இருக்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. அந்தச் சந்திகளைக் கடந்து செல்லும் நேர்கோடே இல்லை. உச்சியில் தொடக்கத்தில் புலி இருக்கிறது. ஆக முதல் ஆறு ஆடுகளைப் பயமில்லாமல் வைக்க ஆறு இடங்கள் இருக்கின்றன. நம் மாணவி முதல் ஆட்டையே நடுக்கட்டத்தில் புலியின் வாயருகே வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மூலைகளையெல்லாம் ஆடே நிரப்பிவிட்டால் புலியை எந்த மூலைக்குத் தள்ளுவது? ஆட்டத்தின் சுவையே இந்த இழுபறிதான்.

மற்ற ஊர்களில்

நேபாளத்தின் ‘பாக் சால்’ ஆட்டத்தில் 25 சந்திகள், 4 புலிகள், 20 ஆடுகள். அங்கும் புலிக்கு ஐந்து ஆடு என்ற அதே விகிதம். ஆனால் அனைத்தும் இறங்கிய பின் ஒரே ஓர் இடம்தான் காலி. ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. இருவரும் தவறே செய்யாமல் ஆடினால் அது சமனில் முடியும் என்று லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி கொண்டு நிறுவியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் ‘நரியும் வாத்தும்’ ஆட்டத்தில் ஒரு நரிக்கு எதிராகப் பழைய வழக்கில் 13 வாத்துகள். பின்னாளில் 15, 17 என்று கூட்டிக்கொண்டார்கள். எண்ணை மாற்றிச் சமன் செய்வது புதிய தந்திரமல்ல.

மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் ஆட்டங்கள் இப்போது உலகெங்கும் பரவியிருக்கின்றன. 1983இல் வந்த ‘வார்ஹாமர்’ அவற்றில் பெயர்பெற்றது. ஒருவரிடம் டிராகனும் நாலு வீரர்களும். எதிரே முப்பது எலும்புக்கூடுகள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு புள்ளி விலை வைத்து, இரு பக்கமும் ஒரே கூட்டுத்தொகைக்குப் படை சேர்ப்பார்கள். புதிதாக வாங்கியவர்கள் பெட்டியில் வந்ததை அப்படியே நிறுத்தி ஆடினால் ஒரு பக்கம் பாவம்தான். நம் ஆட்டத்தில் ஒரு புலியின் விலை ஐந்து ஆடு. ஆனால் அதே புலி நடுவில் நின்றால் எட்டு, மூலையில் நின்றால் நான்கு என்று பார்த்தோமே. பொம்மைப் படைக்காரர்களும் புள்ளி விலையோடு நிற்காமல் மேசையில் மலையும் சுவரும் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது இதனால்தான்.

வகுப்பறையில் செய்தது

மறுநாள் இரண்டு மாற்றங்கள் செய்தோம். முதலாவது, ஒவ்வொரு இணையும் பக்கம் மாறி இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். இருவருமே புலி வைத்தபோது வென்றால் குறை ஆட்டத்தின் விதியில். ஒருவரே இரு பக்கத்திலிருந்தும் வென்றால் வித்தியாசம் ஆட்டக்காரர்களின் பழக்கத்தில். நம் இணையில் அவனே இரண்டையும் வென்றான். ‘புலி தந்தால் ஆடுவேன்’ என்றவளுக்குப் புலி கிடைத்தும் உதவவில்லை என்பது தெரிந்தது. அதைச் சொல்லிக் காட்டாமல் ஏழு பயமில்லாத சந்திகளை அவளையே கண்டுபிடிக்க வைத்தேன். ஒரு சந்தியில் விரலை வைத்து “இதைத் தாண்டிப் போகக் கோடு இருக்கா?” என்று கேட்டால் போதும்.

இரண்டாவது, புலி வென்றால் அடுத்த ஆட்டத்தில் ஓர் ஆடு கூடும். ஆடு வென்றால் ஒன்று குறையும். 20 ஆடு இறங்கினால் கட்டமே நிரம்பிவிடும் என்பதால் 18க்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்தோம். சில நாட்களில் ஒவ்வொரு இணைக்கும் ஓர் எண் பிடிபடும். அதைச் சுற்றியே வெற்றி மாறி மாறி வரும். எண்களைச் சுவரில் ஒட்டிய தாளில் குறித்தால் ‘தகவல் செயலாக்கம்’ இயலுக்கு வேண்டிய அட்டவணையும் வரைபடமும் தயார். ஒரே நேரத்தில் வெட்டு எண்ணிக்கையையும் ஆட்டின் எண்ணிக்கையையும் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். நான் அந்தத் தவற்றைச் செய்து ஒரு வாரக் குறிப்பைக் கிழித்துப் போட்டேன். தொடக்க வகுப்புகளுக்கு இரண்டு புலி, பத்து ஆடு வைத்து, 23 − 2 − 10 என்று கழித்தலிலிருந்து தொடங்கலாம்.

அவளுடைய எண் 17 வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கியது. 15க்கு வந்த அன்று எதிரே இருந்தவன் என்னிடம் ஓடிவந்தான். “சார், இனிமே ஒண்ணொண்ணா வேண்டாம், ரெண்டு ரெண்டா குறைக்கலாமா?”

“முடியாது,” என்று திண்ணையிலிருந்து அவளே பதில் சொன்னாள். “ஒரு நேரத்துல ஒண்ணுதான்.”