ஆட்ட இடை நேர்காணல்

ஆட்ட இடை நேர்காணல் என்பது, விளையாட்டுப் போட்டி நடைபெற்றுக் கொண்டிருக்கும்போதே பயிற்றுநரிடமோ வீரரிடமோ தொலைக்காட்சிக்காக எடுக்கப்படும் குறுகிய நேர்காணல் ஆகும். போட்டிக்குப் பின் நடைபெறும் செய்தியாளர் கூட்டத்திலிருந்து இது வேறுபட்டது. அங்கு முடிவு தெரிந்த பின் பேசப்படுகிறது. இங்கு பேசுபவரின் கவனம் இன்னும் களத்திலேயே இருக்கும். பந்தயம் முடிந்த உடனே, மூச்சு வாங்கும் நிலையில் களத்தின் ஓரத்தில் எடுக்கப்படும் நேர்காணலையும் இவ்வகையில் சேர்ப்பதுண்டு.

நடைபெறும் முறை

நேர்காணலை நடத்துபவர் களச் செய்தியாளர் எனப்படுகிறார். அவரது காதில் பொருத்தப்பட்ட சிறு கருவி வழியாக, எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்பதை நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அறிவிப்பார். நேரம் மிகக் குறைவு என்பதால் பொதுவாக ஓரிரு கேள்விகளே கேட்கப்படும். மற்றொரு முறையில், வீரரின் உடையில் ஒலிவாங்கி பொருத்தப்பட்டு, வர்ணனையாளர்கள் தம் அறையில் இருந்தபடியே அவருடன் உரையாடுவர்.

விளையாட்டு வாரியாக

கூடைப்பந்தாட்டம்: ஐக்கிய அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்துச் சங்கப் போட்டிகளில், நாடு முழுதும் ஒளிபரப்பாகும் ஆட்டங்களின்போது கால்பகுதிகளுக்கு இடையே பயிற்றுநர்களிடம் கேள்விகள் கேட்கப்படுகின்றன.

துடுப்பாட்டம்: இருபது20 ஆட்டங்களில் களத்தில் நிற்கும் வீரருடன் உரையாடும் முறை பரவலாக உள்ளது. 2011 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் லீக் ஆட்டமொன்றில், பிரண்டன் மெக்கல்லத்திற்குச் சற்று வேகமான பந்தொன்றை வீசப் போவதாக வர்ணனையாளர்களிடம் கூறிய ஷேன் வார்ன், அவ்வாறே வீசி அவரை ஆட்டமிழக்கச் செய்தார்.

அடிபந்தாட்டம்: 2022 ஆம் ஆண்டின் அனைத்து நட்சத்திர ஆட்டத்தில் எறிவாளர் அலெக் மனோவா, பந்தை எறிந்துகொண்டே வர்ணனையாளர்களுடன் பேசினார்.

காற்பந்து: இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நெடுங்காலம் இம்முறையைத் தவிர்த்து வந்தது. 2025-26 பருவத்திலிருந்து, மாற்று ஆட்டக்காரருக்கு இடம் விட்டு வெளியேறிய வீரரிடம் ஆட்டத்தின் நடுவே பேசும் முறை அங்கும் அறிமுகமானது.

பொபோவிச்சும் சேகரும்

1996 முதல் 2025 வரை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநராக விளங்கிய கிரெக் பொபோவிச், இந்நேர்காணல்களை விரும்பாதவராக அறியப்பட்டவர். பல கேள்விகளுக்கு அவர் ஓரிரு சொற்களிலேயே விடையளித்தார். பளிச்சிடும் வண்ண மேலங்கிகளுக்குப் பெயர்பெற்ற செய்தியாளர் கிரெய்க் சேகருடனான அவரது உரையாடல்களை இரசிகர்கள் ஆவலுடன் எதிர்பார்த்தனர். 2014 ஏப்ரலில் சேகர் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, அவரது மகன் தந்தைக்குப் பதிலாகக் கேள்வி கேட்டார். அப்போது பொபோவிச், சேகர் நலம்பெற்றுத் திரும்ப வேண்டும் என ஒளிப்படக்கருவியை நோக்கிக் கூறினார். சேகர் 2016 டிசம்பரில் காலமானார்.

விமர்சனங்கள்

ஆட்ட உத்தியை எதிரணி அறியும்படி எந்தப் பயிற்றுநரும் வெளியிடமாட்டார். ஆகவே விடைகள் பெரும்பாலும் பொதுப்படையாகவே அமைகின்றன என்பது முதன்மையான குறை. ஒளிபரப்பு உரிமைக்குப் பெருந்தொகை செலுத்தும் நிறுவனங்கள் இதனைக் கோருவதால், பயிற்றுநர்கள் மறுப்பது எளிதன்று.

இரண்டாவது குறை, உணர்ச்சிவசப்பட்ட நிலையில் உள்ளவரிடம் கேள்வி கேட்பது பற்றியது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பனிச்சறுக்கு வீரர் போடி மில்லரிடம், முந்தைய ஆண்டு இறந்த அவரது தம்பியைப் பற்றித் தொடர்ந்து கேட்கப்பட்டது. அவர் கண்ணீர்விட்டுப் பேச இயலாது போனார். இப்பதிவு ஐக்கிய அமெரிக்காவில் பின்னரே ஒளிபரப்பானது. சுருக்குவதற்கு நேரமிருந்தும் அவ்வாறே காட்டியது கண்டிக்கப்பட்டது. எனினும் மில்லர், செய்தியாளரைக் குறைகூற வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார்.

ஆயத்தமின்றிப் பேசுவதால் நன்மை விளைந்ததும் உண்டு. 2016 இரியோ ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் சீன அணி நான்காமிடம் பெற்றபின், நீச்சல் வீராங்கனை பூ யுவான்குய் தமக்கு மாதவிடாய் தொடங்கியிருந்ததைக் குளக்கரையிலேயே வெளிப்படையாகக் கூறினார். விளையாட்டு உலகில் அரிதாகவே பேசப்பட்ட இப்பொருள், அதன்பின் பல நாடுகளில் விவாதிக்கப்பட்டது.