கண்ணுக்குத் தெரியாத ஒளியும் கார்பன் குழாயும்

டிவி ரிமோட்டின் முனையை உங்கள் செல்போனின் முன்பக்க கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். பல போன்களில் திரையில் ஊதா நிறத்தில் ஒளி மின்னும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. இதுதான் அண்மை அகச்சிவப்பு ஒளி. உங்கள் வீட்டு ஃபைபர் பிராட்பேண்ட் கேபிளிலும், சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020-ல் திறக்கப்பட்ட கடலடி கேபிளிலும் தகவலைச் சுமப்பது இந்த வகை ஒளிதான். (கழன்று கிடக்கும் ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். ஒளி தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது.)

சிவப்பு ஒளியையே அனுப்பினால் என்ன? கண்ணாடி இழை அதை வழியிலேயே விழுங்கிவிடும். 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி அப்படியல்ல. ராயபுரத்தில் செலுத்தினால் எண்ணூர் போய்ச் சேரும்போதும் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

இனி கார்பன் நானோகுழாய்க்கு வருவோம். பென்சில் முனையில் உள்ள அதே கார்பன் அணுக்களின் ஒற்றை அடுக்கைப் பாய் போலச் சுருட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். விட்டம் சுமார் 1 நானோமீட்டர். இவை அண்மை அகச்சிவப்பில் ஒளிர்வதை 2002-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் கண்டனர். ஆனால் மிக மங்கல். ஒளி பட்டதும் கிடைக்கும் ஆற்றல் குழாய் நெடுக ஓடி, முனையிலோ ஏதாவது பழுதிலோ முட்டி வீணாகிவிடும்.

2010-ல் அதே பல்கலைக்கழகத்தில் ஓசோனைக் கொண்டு குழாயில் ஆங்காங்கே ஆக்சிஜன் அணுக்களை ஒட்டினர். ஒட்டிய இடம் ஒரு பள்ளம் போல ஆயிற்று. ஓடிவரும் ஆற்றல் அதில் விழுந்து, அங்கிருந்தே ஒளியாக வெளிவந்தது. அலைநீளமும் கூடியது. 2013-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் வேறு மூலக்கூறுகளை ஒட்டி வெளிச்சத்தைப் பல மடங்கு கூட்டினர். பழுது என்றாலே நீக்க வேண்டியது என்று பழகிய சாப்ட்வேர்காரனான எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அளவு மீறி ஒட்டினால் குழாய் ஒளிராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? உங்கள் நெட் பேங்கிங் பாஸ்வேர்டைக் காக்கும் பூட்டு, கடினமான கணக்குகளை நம்பியிருக்கிறது. பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் அத்தகைய பூட்டுகளில் சில உடையும். மாற்று வழிகளில் ஒன்று, சாவியை ஒற்றை ஒற்றை ஒளித்துகளாக அனுப்புவது. ஒரு துகளில் பாதியைத் திருட முடியாது. இடையில் யாராவது தொட்டாலும் தடயம் விழும். 2017-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர், இப்படி மாற்றிய குழாய்களிலிருந்து அந்த 1550 நானோமீட்டரிலேயே ஒற்றைத் துகள்களை வரவழைத்தனர். அதுவும் சாதாரண அறை வெப்பநிலையில்! இது போன்ற வேறு பல சாதனங்களுக்குக் கடும் குளிர் தேவை.

இதெல்லாம் இன்னும் ஆய்வகத்தில்தான். கடையில் 'நானோ' என்று லேபிள் ஒட்டி விற்கும் பெட்டிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள்.