கணக்கில் வராத கால் கட்

“ஹலோ... ஹலோ... கேக்குதா?” எதிர்முனையில் சத்தமே இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாமே கட் செய்துவிடுகிறோம். தொலைபேசி நிறுவனத்தின் கணக்கில் இது கால் டிராப் அல்ல. நல்லபடியாகப் பேசி முடித்த அழைப்பு!

நூற்றுக்கு இரண்டு அழைப்புகளுக்கு மேல் அறுந்துபோகக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த வரம்பு. சரி, அறுந்துவிட்டது என்று முடிவுசெய்வது யார்? ஜி.எஸ்.எம். நெட்வொர்க்கில் அது ஒரு கவுன்ட்டரின் வேலை. டவருக்கும் போனுக்கும் இடையே ஏறக்குறைய அரை நொடிக்கொரு முறை கட்டுப்பாட்டுத் தகவல் வந்துகொண்டிருக்கும். அதைப் படிக்க முடியாவிட்டால் கவுன்ட்டரில் ஒன்று குறையும். படித்துவிட்டால் இரண்டு கூடும். பூஜ்யத்தைத் தொட்டால்தான் இணைப்பு துண்டிக்கப்படும். தொடக்க எண்ணை 4 முதல் 64 வரை நிறுவனமே தேர்ந்தெடுக்கலாம். 64 வைத்தால், ஒரு வார்த்தைகூடக் கேட்காமலேயே அழைப்பு சுமார் 30 நொடி ‘உயிரோடு’ இருக்கும். அதுவரை யார் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்பார்கள்? சுரங்கப்பாதையில் சில நொடி சிக்னல் போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு உதவும் என்பதும் உண்மைதான். ஆனால் டிராப் கணக்கைக் குறைத்துக் காட்டவும் அதே எண் போதும்.

அபராதம் போட்டும் பார்த்தார்கள். அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் எனச் சந்தாதாரருக்கு ஈடு தரச் சொன்னது டிராயின் 2015 விதி. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2017 அக்டோபரில் வந்த மாற்றம்தான் என் பார்வையில் முக்கியமானது. அதற்கு முன், அந்த 2 சதவீத வரம்பு சேவை வட்டம் முழுவதற்குமான சராசரிக்குத்தான். நன்றாக இயங்கும் ஆயிரம் செல்களின் (டவர் அலை எட்டும் பகுதிகளின்) நிழலில், ஏதோ ஒரு மலையடிவாரத்துச் செல் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கலாம், சராசரி சிரித்துக்கொண்டிருக்கும். 2017இல் வந்த விதிப்படி குறைந்தது 90 சதவீதச் செல்கள், 90 சதவீத நாள்களில் 2 சதவீத வரம்புக்குள் இருக்க வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள், எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தையும் வெளியிடச் சொல்கின்றன.

ஆனாலும் அந்தச் சத்தமில்லாத நொடிகள் டிராப் கணக்குக்குள் வருவதில்லை. என்னைக் கேட்டால், ஒரே எண்ணுக்கு ஒரு நிமிடத்துக்குள் மறுபடி போன கால்கள் எத்தனை என்று செல்வாரியாக எண்ணச் சொல்வேன். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். நிறுவனங்களின் பில்லிங் பதிவுகளிலேயே அந்த விவரம் இருக்கிறது.