கூட்டும் முன் கழித்துப் பாருங்கள்!

வாலாஜாபாத் - ஒரகடம் சாலையில் ஓடும் பழைய பைக் ஒன்றின் மீட்டர் 99,999 கிலோமீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால்? ஐந்து இலக்கம்தான் என்பதால் 00000 ஆகிவிடும்.

ஸ்மார்ட்போனிலும் இந்த ஆபத்து உண்டு. போனை ஆன் செய்ததும், மெமரியில் எந்த இடம் எதற்கு என ஆபரேட்டிங் சிஸ்டம் பிரித்துக்கொள்ளும். தொடக்க எண்ணோடு அளவைக் கூட்டினால் முடிவு எண் வரும். 32 பிட் எண்ணின் உச்சம் 429,49,67,295. அதைத் தாண்டினால், மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். இதுதான் 'இன்டிஜர் ஓவர்ஃப்ளோ'. 'சின்ன எண்தானே' என்று சிஸ்டம் ஏமாந்து, வேறு தகவல் இருக்கும் இடத்தில் கைவைத்துவிடும்.

2015-ல் தெரியவந்த 'ஸ்டேஜ்ஃப்ரைட்' கோளாறுகளில் இதுவும் ஒன்று. ஆண்ட்ராய்டில் வீடியோவைக் கையாளும் பகுதியில் இருந்த அந்த ஓட்டை வழியே, ஒரு எம்.எம்.எஸ். வீடியோ மூலமே போனுக்குள் நுழைய முடிந்தது.

தடுப்பது எப்படி? கூட்டிய பிறகு உச்சத்தைத் தாண்டியதா என்று பார்த்தால் பயனில்லை. எண் அதற்குள் சுற்றியிருக்கும். முதலில் கழிக்க வேண்டும். மீட்டர் 99,990-ல் இருக்கிறது, 20 கூட்ட வேண்டும். உச்சத்துக்கு மீதி 9தான். 20 அதைவிடப் பெரிது, எனவே கூட்டாமல் நிறுத்த வேண்டும். கோடில் இதற்கு ஒரே ஒரு வரி போதும்.

இப்படிப்பட்ட திருத்தங்கள் செக்யூரிட்டி அப்டேட்டில்தான் வருகின்றன. அடுத்த முறை அது வந்தால், 'அப்புறம்' என்று தள்ளிப்போடாதீர்கள்!