தொடுதிரை கேட்கிறது: நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?

அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு 2029 ஜனவரி 10 வரை கெடு. அன்றோடு பழங்குடிப் பொருள்கள் எல்லாம் காட்சியிலிருந்து மறைந்துவிடுமா என்று பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். பொருளைக் காட்டக் கூடாது என்றால் தொடுதிரையில் படத்தைக் காட்டிவிட்டுப் போகலாமே என்பது வேறு சிலரின் யோசனை.

முதல் குழப்பம் எளிது. சேமிப்பில் உள்ள மனித எச்சங்கள், அவற்றோடு புதைக்கப்பட்ட பொருள்கள் ஆகியவற்றின் பட்டியலைத் திருத்தி முடிக்கத்தான் அந்தக் கெடு. ஈமப் பொருள், புனிதப் பொருள் போன்றவற்றைக் காட்சிக்கு வைக்கவும் ஆய்வு செய்யவும் பழங்குடியினரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி 12 முதலே நடப்பில் இருக்கிறது. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்த மாதமே இரண்டு கூடங்களை மூடியது. 1990-இல் இவற்றைத் திருப்பித் தரச் சொல்லும் சட்டம் வந்தும் இவ்வளவு காலம் இழுத்ததற்கு, 'பண்பாட்டு அடையாளம் காண இயலாதவை' என்ற பிரிவு வசதியாக இருந்தது. தேடிப் பார்க்க மனமில்லாதவை என்று அதை வாசித்துக்கொள்ளுங்கள். புதிய விதி அதை நீக்கிவிட்டது.

தொடுதிரை யோசனைதான் சிக்கலானது. மூலவரைப் படம் எடுக்கக் கூடாது என்றால் நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. படமும் பொருளைப் போலவே கட்டுப்பாட்டுக்கு உரியது என்று கருதும் சமூகங்கள் உலகெங்கும் உண்டு. 'ஊடாடும்' திரை என்று அருங்காட்சியகங்கள் விளம்பரப்படுத்துவது பெரும்பாலும், வந்தவர் எவரும் எதையும் அழுத்திப் பார்க்கலாம் என்பதைத்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்று ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் பிறந்தது. வாருமுங்கு பழங்குடி மக்களும் ஆய்வாளர் கிம்பர்லி கிறிஸ்டெனும் சேர்ந்து உருவாக்கிய 'முகுர்து' ஆவணகம், 2007-இல் அங்குள்ள நியின்கா நியுன்யு பண்பாட்டு மையத்தில் நிறுவப்பட்டது. அதில் நுழைபவர் முதலில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும்: எந்தக் குடும்பம், ஆணா பெண்ணா, எந்த நிலப்பகுதியோடு உறவு. ஒவ்வொரு படத்துக்கும் பாட்டுக்கும் அதேபோல, யார் பார்க்கலாம் என்ற குறிப்பு உண்டு. இரண்டும் பொருந்தினால்தான் திரையில் வரும். பெண்களின் சடங்குப் படம் ஆண்களுக்கு வராது. பக்கத்து நிலத்துக்காரரின் கதையை அவர் சம்மதமின்றி இன்னொருவர் திறக்க முடியாது. அலுவலகக் கணினியில் பதவி செய்யும் வேலையை இங்கே உறவுமுறை செய்கிறது. இதில் என்னை வியக்கவைப்பது, பூட்டைத் தொழில்நுட்ப வல்லுநர் தீர்மானிக்கவில்லை என்பது. முன்பே வீட்டிலும் சடங்குக் களத்திலும் இருந்த ஒழுங்கை நிரலர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆனால் அதே இடத்தில்தான் உறுத்தலும். பெரியவர்கள் மனதில் வைத்திருந்த விதி, ஆளுக்கும் வேளைக்கும் ஏற்ப வளையும், பேசி மாற்றலாம். தரவுத்தளம் கட்டங்களைக் கேட்கிறது. கட்டத்தை நிரப்புபவர் யார், இரண்டு குடும்பங்கள் ஒரே படத்துக்கு உரிமை கோரினால் யார் தீர்ப்பது? மென்பொருளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஊர்தான் கூடிப் பேச வேண்டும். ஆஸ்திரேலியாவிலேயே பிட்ஜன்ஜட்ஜரா, யங்குன்யுட்ஜட்ஜரா மக்களுக்காக 1994-இல் தொடங்கிய 'அரா இரிட்டிட்ஜா' ஆவணகம் இறந்தவர் படங்களைத் துக்கத்தை முன்னிட்டு மறைத்துவைக்க வழிசெய்தது. எப்போது மீண்டும் திறப்பது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? சொந்தக்காரர் வந்து சொல்ல வேண்டும்.

சமூகம் தன் கணினியில் பூட்டலாம், பெரிய நூலகத்தில் இருப்பதை? அதற்குத்தான், எப்படிப் பயன்படுத்தலாம் என்று சமூகமே குறித்துவைக்கும் 'பாரம்பரிய அறிவு' முத்திரைகள். 1890-இல் பதிவான, பாசமகுவாடி பழங்குடி மக்களின் மெழுகு உருளைப் பாடல்களுக்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணைய அட்டவணையில் இவை சேர்க்கப்பட்டுள்ளன. வணிகத்துக்குப் பயன்படுத்தாதே என்கின்றன. சட்ட வலு இல்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

நகல் செய்வது எல்லாமே தவறா? இல்லை, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2005-இல் திருப்பிக் கொடுத்த, ட்லிங்கிட் பழங்குடியின் குலத் தொப்பிக்குக் குலத்தின் சம்மதத்தோடுதான் முப்பரிமாண நகல் செய்தார்கள்.

ஸ்மித்சோனியனுக்கும் இதே கெடுவா? அதற்குத் தனிச் சட்டம், 1989-லேயே வந்தது.

முகுர்துவுக்கு எவ்வளவு விலை? இலவசம், திறந்த மூல மென்பொருள்.

'கலந்தாலோசித்தோம்' என்று அருங்காட்சியகம் பலகை வைத்தால் போதுமா? மறுக்க உரிமை இருந்ததா என்று கேளுங்கள்.

நம் நாட்டில்? ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து முன்னோர் எச்சங்களை மீட்க நாகா மக்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.