தேவை அறிதல்

கொல்கத்தாவின் காளிகாட் கோயிலருகே, யாத்திரிகர் தங்கிய பழைய சத்திரமொன்றில், 1952ஆம் ஆண்டு அன்னை தெரசா ‘நிர்மல் ஹிருதய்’ இல்லத்தைத் தொடங்கினார். நோயுற்றுத் தெருவில் கிடந்தோரின் தேவை கண்டவுடன் விளங்கியது: படுக்கை, உணவு, பராமரிப்பு.

அக்கோயில் வாசலில் ஒரு குழந்தை தனியே அழுதுகொண்டு நின்றால், அதன் தேவை அத்துணை எளிதில் விளங்குவதன்று. வழி தவறியதா? வீட்டை அஞ்சி ஓடி வந்ததா? 1098 என்னும் எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அக்குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். குழு உடனே முடிவு கூறிவிடாது. சமூகப் பணியாளர் குடும்பச் சூழலையும் உடல்நலத்தையும் படிப்பையும் விசாரித்து அறிக்கை அளிப்பார். அதற்கு 15 நாள். குழந்தையின் விருப்பமும் கேட்கப்படும்.

வங்காளம் அறியாத தமிழ்க் குழந்தையாயின்? அதற்குப் புரியாத மொழியில் விருப்பம் கேட்பது கேளாமைக்கே ஒப்பாகும். ஆகவே, மொழிபெயர்ப்பாளரை அமர்த்த விதிகளில் இடம் தரப்பட்டுள்ளது.