உபதேசியார் வீட்டு அடுப்பு

மிஷனரிக் குடும்பம் என்றதும் நம் எல்லோருக்கும் ஒரே படம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆப்பிரிக்கக் காட்டோரம் ஒரு கூரை வீடு, தாடி வைத்த வெள்ளைக்காரர், கழுத்துவரை பொத்தான் போட்ட கவுனில் அவர் மனைவி, வெயிலில் சிவந்துபோன இரண்டு பிள்ளைகள். படம் பொய்யில்லை. ஆனால் அதே காலத்தில் நம்முடைய மாத்தளைப் பக்கம் வந்து குடித்தனம் போட்ட மிஷனரிக் குடும்பங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இங்கேயே பிறந்தவர்கள்கூட உதட்டைப் பிதுக்குவார்கள். தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆப்பிரிக்கப் படத்தையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம். டேவிட் லிவிங்ஸ்டன் பாடப்புத்தகத்தில் வருவார், அவர் மனைவி மேரி வரமாட்டார். மேரி 1821இல் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர். அப்பா ராபர்ட் மொஃபாட்டும் மிஷனரிதான். 1845இல் கலியாணம். இன்றைய பொட்சுவானாவில் கொலோபெங் என்ற இடத்தில் இருந்தபோது ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று லிவிங்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். அதிகாலையில் குடும்ப ஜெபம், பிறகு பள்ளிக்கூடம். பள்ளி கலைந்ததும் இவருக்குக் கொல்லுவேலை, தச்சுவேலை, தோட்டவேலை, மேரிக்கு வீட்டுவேலை. மத்தியானம் கொஞ்சம் ஓய்வு, அதன்பின் சின்னஞ்சிறுசுகளுக்கு மேரியின் பள்ளி. ரொட்டி சுட முறையான அடுப்புக் கிடையாது. கரையான் புற்றில் பெரிய துளையாகக் குடைந்து, ஒரு கற்பலகையைக் கதவாகச் சாத்தி அதையே போறணையாக்கினார்கள். சவர்க்காரமும் மெழுகுதிரியும் வீட்டிலேயே செய்தார்கள். கடைக்குப் போய் வாங்கலாம் என்றால் கடை நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பிரசங்கம் செய்தவர் ஒருவர். அந்தப் பிரசங்கத்துக்கு ஆள் உயிரோடு மிச்சமிருக்க வழி செய்தவர் இன்னொருவர். 1852இல் மேரியையும் பிள்ளைகளையும் கேப் டவுனில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு லிவிங்ஸ்டன் உள்நாட்டுக்குப் போனார். பிற்பாடு மேரி மறுபடி அவரோடு சேர வந்து, 1862 ஏப்ரலில் சம்பேசி ஆற்றங்கரையில் ஷுபங்கா என்ற இடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார்.

இனி மாத்தளை. வெள்ளைக்கார ஆட்சி 1848 கலகத்தை அடக்கி, அதன் தலைவர்களில் ஒருவரான வீர புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக்கொன்று ஆறே வருஷம் ஆகியிருந்தது. மலையெங்கும் கோப்பி. அதற்கு ஆள் தமிழ்நாட்டிலிருந்து. தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டு வழியே நடந்துவருகிற சனத்துக்கு முதலில் தென்படும் மலைநாட்டு ஊர் மாத்தளைதான். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் எத்தனை ஆயிரமோ. வந்து சேர்ந்தவர்களுக்கு லயம், கங்காணி, கடன்.

இந்தச் சனத்துக்குச் சுவிசேஷம் சொல்லவேண்டும் என்று 1854இல் கோப்பித் துரைமார் சிலரே முன்வந்தார்கள். இங்கிலாந்தின் சர்ச் மிஷன் சங்கத்தோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. இன்று யாரும் அப்படிப் பெயர் வைக்கத் துணியமாட்டார்கள். அன்று யாருக்கும் உறுத்தவில்லை. கண்டி, மாத்தளை மலைத் தோட்டங்களெல்லாம் அதன் எல்லைக்குள் வந்தன. மேற்பார்வைக்கு வரும் வெள்ளைக்கார ஐயருக்குச் சம்பளம் லண்டன் சங்கம் தரும். தோட்டம் தோட்டமாகப் போகும் தமிழ் உபதேசியார்களின் செலவைத் துரைமார் சந்தா போட்டுக் கொடுப்பார்கள். இந்தப் பணக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

தொடக்கத்தில் பொறுப்பேற்றவர் செப்டிமஸ் ஹாப்ஸ். அவர் ஏற்கெனவே திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் படித்தவர். சங்கத்தாரின் கெட்டித்தனம் இதில் தெரிகிறது. சிங்களம் சூழ்ந்த மலையில் தமிழ் பேசும் ஆட்களுக்கு வேலை செய்ய, லண்டனிலிருந்து புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து அரிச்சுவடி தொடங்குவதைவிட, நெல்லையிலிருந்து ஒருவரை மாற்றிவிடுவது லாபம். உபதேசியார்களையும் அங்கிருந்தே வரவழைத்தார்கள்.

வெள்ளைக்கார ஐயர் வீட்டின் அன்றாடம் கொலோபெங்கைப் போல இருக்கவில்லை. மேரி தன் கையால் செய்ததையெல்லாம் இலங்கையின் துரை வீடுகளில் வேறு கைகள் செய்தன. குசினிக்கு அப்பு, பிள்ளைக்கு ஆயா, குதிரைக்கு ஓர் ஆள், தண்ணீருக்கு ஓர் ஆள். அம்மாவுக்குப் புற்றைக் குடைகிற வேலை இல்லை. தனிமைதான் பெரிய வேலை. ஏனென்றால் ஐயர் வீட்டில் தங்கமாட்டார். குதிரையேறித் தோட்டம் தோட்டமாகப் போவார். துரை பங்களாவில் ராத்தங்கி அங்கே கூடுகிற துரைமாருக்கு இங்கிலீஷில் ஆராதனை, லயத்துச் சனத்துக்குத் தமிழில் பிரசங்கம். ஒரே மனிதர், இரண்டு சபை. அந்த இரண்டு சபையும் ஒரே கூரைக்குக் கீழ் உட்காருவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கொடுமை. ஆயாவின் இடுப்பில் வளர்ந்த பிள்ளைக்கு முதலில் வாயில் வருவது தமிழ். அது பெற்றோருக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் கப்பலேற்றிவிடுவார்கள். இப்படி அனுப்பப்படும் பிள்ளைகளுக்காகவே சர்ச் மிஷன் சங்கம் 1850இல் லண்டனில் ஒரு விடுதி திறந்தது. சம்பளம், பென்ஷன் மாதிரி பிள்ளையைப் பிரிவதும் வேலையின் நிபந்தனையாகிவிட்டது. யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷனிலும் இதே கதைதான். ஆனால் அங்கே பண்டத்தரிப்பில் தொடங்கிய ஸ்கடர் குடும்பத்தில் போன பிள்ளைகள் பலர் மிஷனரிகளாகவே திரும்பி வந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்துப் பேத்தி. ஊருக்குத் திரும்பியே போகாத பெரியவர்களும் இருந்தார்கள். கண்டியில் நெடுங்காலம் ஊழியம் செய்த வில்லியம் ஓக்லி என்பவர் 1835இல் வந்து 1886இல் நுவரெலியாவில் இறந்தார். இடையில் ஒரு தடவைகூட சொந்த நாட்டுக்குப் போகவில்லை. அவரைப் புகழ்ந்து எழுதினார்கள். எனக்கென்னவோ அதில் புகழ்ச்சியைவிட இரக்கம்தான் தோன்றுகிறது.

இனி முக்கியமான ஆளுக்கு வருவோம். மாத்தளைத் தோட்டங்களில் உண்மையில் குடியேறிய மிஷனரிக் குடும்பம் எது என்று கேட்டால், நான் நெல்லை உபதேசியாரின் குடும்பத்தைத்தான் காட்டுவேன். ஐயர் வந்து போகிறவர். இவர் இங்கேயே கிடப்பவர்.

மொழி ஒன்றுதானே, இவருக்கு என்ன கஷ்டம் என்று நினைக்கக்கூடாது. மெய்ஞானபுரம், நாசரேத் பக்கம் செம்மணல் தேரியும் பனங்காடும். அங்கே வளர்ந்த பெண்ணுக்கு அடுப்பு விறகு பனைமட்டை, இனிப்பு என்றால் கருப்பட்டி, தாகத்துக்குப் பதநீர். மாத்தளை மலையில் பனையைக் கண்ணால் காண முடியாது. இங்கே கித்துள் மரம். அதன் பாணியும் கருப்பட்டியும் சிங்களக் கிராமத்திலிருந்து வரவேண்டும். மழை பிடித்தால் விறகு காயாது, துணி காயாது. புல்லில் கால் வைத்தால் அட்டை. தேசிக்காயும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு நடந்தாலும் விரலிடுக்கில் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் வரும். தாழ்வான பக்கத்தில் மலேரியா, மேலே ஏறினால் குளிர். ஊரில் கம்பளி என்ற சாமானே தேவைப்படாத குடும்பத்துக்கு இங்கே முதல் செலவு கம்பளி.

அதைவிடப் பெரிய சிக்கல், வீடு எங்கே என்பது. இவர்கள் பங்களாவைச் சேர்ந்தவர்கள் இல்லை. லயத்தைச் சேர்ந்தவர்களும் இல்லை. லயக் காம்பராக்களிலேயே சாதி பார்த்துப் பிரித்துக் குடியேற்றுவது தோட்டத்து வழக்கம். திருநெல்வேலியிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறது, யார் வீட்டில் நெருப்பு வாங்குகிறது என்று எல்லாக் கண்ணும் பார்க்கும். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டியவர் உபதேசியார் அல்லர், குடத்தோடு போகிற அவர் மனைவி.

உபதேசியாரின் வேலை நேரத்தைத் தீர்மானித்தது பெரட்டு. விடியுமுன் தப்பு அடிக்கும். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஆட்கள் களத்துக்கு இறங்குவார்கள். கங்காணி தன் ஆட்களை வரிசையாக நிறுத்துவார், கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார், யார் எந்த மலைக்கு என்று துரை பிரித்துவிடுவார். உபதேசியாருக்குப் பேசக் கிடைப்பது துரையின் அனுமதியோடு இந்த இடைவெளியில் சில நிமிஷம். வெறும் வயிற்றோடு அரைத்தூக்கத்தில் நிற்கிற சனத்திடம், பேர்ப் புத்தகத்துக்கும் துரையின் பிரம்புக்கும் நடுவில் நின்று நித்திய ஜீவனைப் பற்றிப் பேசவேண்டும். பகலில் ஆட்கள் மலையில். மிச்சமெல்லாம் பொழுது சாய்ந்தபின் லயத்து வாசலில்தான். அதுவும் அடுத்த தோட்டத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தால்.

இப்போது அந்தப் பணக்கணக்குக்குத் திரும்புவோம். ஒருவர் வந்து, "எனக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க ஐயா, பாதிக் கூலிதான் வரும், நீங்க துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றால் உபதேசியார் என்ன செய்வார்? அவர் வீட்டில் உலை கொதிப்பதே அந்தத் துரைமாரின் சந்தாவில். சொன்னால் அனுமதி போகலாம். சொல்லாவிட்டால் லயத்தில் மதிப்புப் போய்விடும். துரைமாரில் உண்மையான பக்தியோடு பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கூலி கொடுக்கிற கையே போதனைக்கும் பணம் கொடுத்தால், கேட்கிறவன் அந்தப் போதனையை எப்படி எடுத்துக்கொள்வான்? இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு இதுதான் என்பது என் எண்ணம். லயத்துச் சனத்தில் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் காமன் கூத்தையும் விடாமல் வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொரு காரணம் கோப்பியின் பருவம். பழம் பறிக்கும் காலத்துக்கு ஆட்கள் திரண்டு வருவார்கள். முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். பாடுபட்டுச் சேர்த்த சபை பாதி கரைந்துவிடும். அடுத்த வருஷம் வேறு முகங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. கலேவெலைப் பக்கம் வஹாகோட்டை என்ற கிராமம். கண்டி அரசர் காலத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கீசரின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே. குருவானவர் இல்லாமலே பல்லாண்டுகள் ஜெபத்தை விடாமல் வைத்திருந்தார்கள். 1692இல் கண்டிக்கு வந்த கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் பின்னர் இவர்களைத் தேடிப்போனார். அவருக்குக் குடும்பமும் கிடையாது, பங்களாவும் கிடையாது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து புனிதர் பட்டம் கொடுத்தது இவருக்குத்தான். வஹாகோட்டைச் சனத்துக்கு உழ நிலமும் இருக்க ஊரும் இருந்தன. அதனால் மிஷனரி இல்லாமலும் நம்பிக்கை நின்றது. லயத்தில் மிஷனரி இருந்தார், நிலம் இல்லை.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் தெரியத் தொடங்கியது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. மாத்தளையில் கொக்கோவும் ரப்பரும்கூட. தேயிலைக்குப் பருவம் இல்லை, வருஷம் முழுக்கக் கொழுந்து. ஆட்கள் நிரந்தரமாகத் தங்கினார்கள். அதோடு உபதேசியார் வீட்டிலும் மாற்றம். சபையைவிடப் பள்ளிக்கூடம்தான் நிலைத்தது. பகலில் பிள்ளைகள், இரவில் வேலை முடிந்து வந்த இளவட்டங்கள். தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் எட்டிப் பார்த்ததே 1907இல்தான். 1920இல் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே லயத்துப் பிள்ளைக்கு 'அ' எழுதக் காட்டிய கைகளில் உபதேசியார் வீட்டுக் கைகளும் இருந்தன. துரைமார் எந்த எண்ணத்தில் பணம் கொடுத்தார்களோ, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை கணக்கப்பிள்ளையின் பேர்ப் புத்தகத்தைத் தானே வாசிக்கும். அது அவர்கள் திட்டத்தில் இருந்திருக்காது.

ஐயர்மாரின் பெயர்கள் சங்கத்து அறிக்கைகளில் பத்திரமாக இருக்கின்றன. உபதேசியார்களில் சிலர் பெயரும் கிடைக்கலாம். அவர்கள் மனைவியரின் பெயரை அச்சடிக்கச் சங்கத்தார் அதிகம் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. உங்கள் குடும்பத்தில் நெல்லையிலிருந்து வந்த உபதேசியார் யாராவது இருந்திருந்தால், வீட்டில் மிச்சமிருக்கிற மூத்தவரிடம் இந்த வாரமே போய் அந்த ஆச்சியின் பெயரைக் கேட்டு, பிறந்த ஊரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.